கருமருந்துத் தோட்டாவுக்குப் பித்தளைக் கூடு: எதை வாங்குவது, எப்படிப் பழக்குவது

கேள்வி இது. டெக்சாஸில் இருக்கும் ஒருவர், 1874 ஷார்ப்ஸ் என்ற பழைய அமெரிக்க ஒற்றைத் தோட்டா ரைஃபிளின் வடிவத்தில் இப்போது செய்து விற்கும், .45-70 என்ற தோட்டாவைச் சுடும் ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறார். கருமருந்து (புகை கக்கும் பழைய காலத்து வெடிமருந்து) போட்டு 500 மீட்டர் வரை இலக்குச் சுட ஆசை. அங்கங்கே பொறுக்கியது, நண்பர் கொடுத்தது என்று கலவையாக 60 பித்தளைக் கூடுகள் கையில் இருக்கின்றன. ‘இவை போதுமா, புதிது வாங்க வேண்டுமா? வாங்கினால் எந்தக் கம்பெனி? வாயைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டும் என்று ஒருவர் சொன்னாரே, உண்மையா?’ என்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அமெரிக்காவில் சட்டப்படி நடக்கிற பொழுதுபோக்கு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். ஊரில் இருந்து படிப்பவர்கள் இதை உலோகக் கதையாகப் படித்துக்கொள்ளுங்கள். அதற்கும் இதில் விஷயம் இருக்கிறது.

கம்பெனி பெயரை அப்புறம் பார்க்கலாம். கூட்டின் வேலை என்ன என்பது புரிந்தால் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். மருந்தையும் குண்டையும் பிடித்து வைப்பது சின்ன வேலை. குக்கர் மூடிக்கு கேஸ்கட் என்ன செய்கிறதோ அதைத்தான் கூட்டின் வாய் ரைஃபிளுக்குச் செய்கிறது. சுட்ட கணத்தில் வாய் விரிந்து, ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டால் வாயு பின்னால் வராது. ஒட்டாவிட்டால் புகையும் கரியும் கூட்டின் வெளிப்பக்கமாக வழிந்து அடி வரை வரும்.

இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாக்களில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டை ஒட்டிப் போகும். அவ்வளவு அழுத்தத்தில் விறைத்த பித்தளையும் பணிந்துவிடும். கருமருந்து அதில் பாதியைக்கூடத் தொடாது. ஆகவே பித்தளைதான் மனசு வைத்து இளக வேண்டும். கூடு தயார் செய்வதில் நாம் படுகிற பாடெல்லாம் இரண்டே விஷயத்துக்கு: வாய் இளக்கமாக இருக்க வேண்டும், எல்லாக் கூடும் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்க வேண்டும்.

இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். சுட்ட கூட்டை வெளியே எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். வாயோரத்தில் ஒரு மோதிரம் அளவுக்கு மட்டும் கரி படிந்து, அதற்குக் கீழே பித்தளை பளிச்சென்று இருந்தால் கூடு நன்றாக அடைத்திருக்கிறது. ஒரு பக்கமாக நாக்கு மாதிரி நீண்டு பாதி வரை கரி இறங்கியிருந்தால் வாய் விறைத்துப்போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் முதலில் நான் பார்ப்பது இதைத்தான், இலக்கில் குண்டு எங்கே பட்டது என்பதை அப்புறம்தான்.

சரி, எதை வாங்குவது? ஒரே கம்பெனி, ஒரே தொகுதி, ஒரே நாளில் வாங்கியது. பெயரைவிட இதுதான் முக்கியம். மிசௌரி மாநிலத்து செடாலியாவில் இருக்கும் ஸ்டார்லைன், வின்செஸ்டர், ரெமிங்டன் எல்லாமே ஓடும். ஒன்றின் சுவர் கனமாக இருக்கும், இன்னொன்றின் சுவர் மெலிதாக இருக்கும். உள்ளே பிடிக்கிற அளவு அதனால் மாறும். கலந்து போட்டால் ஒரே அளவு மருந்து ஒரு கூட்டில் கழுத்து வரை வரும், அடுத்ததில் கொஞ்சம் இறங்கி நிற்கும். கருமருந்தை குண்டுக்கும் தனக்கும் நடுவே காற்று இடமே இல்லாமல் அடைத்தாக வேண்டும், இடைவெளி விட்டால் துப்பாக்கிக் குழலே கெடலாம் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அதனால் உள் அளவு மாறுகிற கூடுகள் வெறும் குறி தவறுகிற பிரச்சினை மட்டும் இல்லை. ஸ்டார்லைனில் .45-90, .45-110, .50-90 போன்ற பழைய அளவுகளும் கிடைப்பதால் இந்த ஆட்டக்காரர்கள் அதிகம் அங்கே போகிறார்கள். 100 வாங்குங்கள், முடிந்தால் 200. பிறகு வாங்குகிற தொகுதி வேறு மாதிரி வரும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹார்னடியின் லெவரெவல்யூஷன் தோட்டாவைச் சுட்டு மிஞ்சுகிற .45-70 கூடு வழக்கத்தைவிடக் குட்டை. அந்தத் தோட்டாவின் நீள மூக்குக் குண்டு லீவர் ரைஃபிளில் (லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரகம்) போய்வர வேண்டும் என்று வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். அவர்கள் தேவைக்கு அது சரி, உங்களுக்கு ஆகாது. உங்கள் 60 கூடுகளில் சில அந்த ரகமாக இருக்க வாய்ப்பு உண்டு, அளந்து பாருங்கள். முறையான நீளம் 2.105 அங்குலம்.

நீளத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறை? கூட்டின் வாய் முடிகிற இடத்துக்கும் அறை முடிகிற இடத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். கூடு குட்டையாக இருந்தால் அந்தப் பள்ளம் அகலம். கருமருந்துக்கு நாம் போடுவது மெத்தென்ற ஈயக்குண்டு. மருந்து பின்னால் இடிக்கிற இடியில் அது உப்பும். உப்புகிற இடத்தில் பள்ளம் இருந்தால் ஈயம் அதில் புகுந்து, அடுத்த கணம் கிழிபட்டுப் போகும். இரண்டு மூன்று சுற்றில் அந்தப் பள்ளத்தில் ஈய வளையம் ஒன்று உட்கார்ந்துவிடும். இன்னொரு விந்தை: போத்தல் கழுத்து மாதிரி ஒடுங்கிய கூடுகள் சுடச் சுட நீளும். .45-70 போன்ற நேர்ச்சுவர்க் கூடுகள் பக்கவாட்டில் விரிவதால் பெரும்பாலும் கொஞ்சம் குட்டையாகும். அதனால் கண்டபடி வெட்டாதீர்கள். எல்லாவற்றையும் அளந்து, கூட்டத்தில் குட்டையானது எதுவோ அதன் நீளத்துக்கு மற்றவற்றைக் கொண்டுவந்து, அதோடு நிறுத்துங்கள். இதைவிட நீளமான .45-90 கூடு வாங்கி, தங்கள் அறையின் நீளத்துக்கு அச்சாக வெட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. முதல் வருடத்தில் உங்களுக்கு அது வேண்டாம்.

பழைய காலத்துக் கூடு எங்காவது கிடைத்தால் அலமாரியில் வையுங்கள், சுடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டுக் கூடுகளில் அடிப்பாகம் இப்போது போல் கெட்டியாக இல்லாமல், பிரைமர் (மருந்துக்குப் பொறி கொடுக்கும் சின்ன மூடி) உட்காரும் குழி பலூன் மாதிரி உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும். இடம் அதிகம், பலம் குறைவு. பெயரிலேயே இருக்கும் அந்த 70 கிரெய்ன் மருந்து, அதாவது ஏறக்குறைய நாலரை கிராம், அதில் சுலபமாகக் கொண்டது. இன்றைய கெட்டி அடிக் கூட்டில் அழுத்தி வைத்தால்தான் அதற்குக் கிட்டப் போகலாம். போதாததற்கு அன்றைய பிரைமர்களில் பாதரசம் இருந்தது. பாதரசம் பித்தளைக்குள் இறங்கினால் அதை நொறுங்க வைத்துவிடும். கருமருந்தின் கரி அதில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போய்விடும் என்பதால் அன்றைக்குத் தப்பித்தார்கள். புகையில்லா மருந்து வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

இதே தோட்டா 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்தபோது கூடு பித்தளையே இல்லை, செம்பு. செம்பு இளக்கம்தான், ஆனால் விரிந்த பிறகு சுருங்கித் திரும்பாது. சூடான அறையில் ஒட்டிக்கொண்டுவிடும். தோல் வாரில் செருகி வைத்ததில் களிம்பு பிடித்து, அது பசை மாதிரி வேலை செய்தது. 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் அமெரிக்க ராணுவத் தளபதி கஸ்டரின் படை பூர்வகுடிகளிடம் அழிந்ததற்கு இதுவே காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். பிற்பாடு அந்த மண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்கள் கத்தியால் நெம்பிய தடம் உள்ள கூடுகள் சொற்பமே என்று கண்டார்கள். ஆனாலும் கூடு விரியவும் வேண்டும், விட்டுப் பிரியவும் வேண்டும் என்கிற இரட்டைக் குணத்துக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளைதான் கடைசியில் ஒத்துவந்தது. இன்றைக்கும் அதே கலவைதான்.

புதுக் கூடு வந்ததும் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. பையில் ஒன்றோடொன்று இடித்து வாய் கோணியிருக்கும், அதை நேராக்குங்கள். நீளத்தைச் சமப்படுத்துங்கள். வெட்டின பிசிறை உள்ளும் புறமும் லேசாக ஒரு சுற்று எடுங்கள். பென்சில் சீவுகிற மாதிரி கூராக்கிவிடக் கூடாது. அடியில் பிரைமர் குழிக்கும் மருந்து அறைக்கும் நடுவே இருக்கும் பொறித்துளையைக் குத்தி எடுத்திருந்தால் உட்பக்கம் பிசிறு நிற்கும். அதை ஒரு முறை சுரண்டிவிட்டால் வாழ்நாள் முழுக்கப் போதும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பின் கனத்தை அளந்து, ரொம்ப மெலிதாக இருப்பதைத் தனியே வையுங்கள். இந்த ரகத் தோட்டா அறையில் நிற்பதே விளிம்பின் பிடியில்தான். மெலிந்தது முன்னே நகர்ந்து நின்று பிரைமர் சரியாகப் பற்றாமல் போகலாம். அப்புறம் எடை போட்டு வரிசைப்படுத்துங்கள். கோயமுத்தூர் லேத் பட்டறையில் ‘தௌ’ என்பார்களே, ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம், அந்தக் கணக்கில் எல்லாவற்றையும் துரத்த ஆரம்பித்தால் முடிவே இல்லை. ஓரத்தில் நிற்கிற ஐந்தாறைக் கழித்தால் போதும்.

இவ்வளவு செய்தாலும் அது இன்னும் உங்கள் கூடு ஆகவில்லை. புதுத் தோசைக்கல்லில் முதல் நாளே நல்ல தோசை வராது அல்லவா, அது மாதிரிதான். முதல் தடவை சுட்ட பிறகு அது உங்கள் ரைஃபிளின் அறைக்கு அச்சாக விரிந்திருக்கும். அந்த அச்சைக் கெடுக்காதீர்கள். பலரும் பழக்கதோஷத்தில் டை என்ற அச்சுக்குள் முழுக்க விட்டு, விரிந்த கூட்டைத் திரும்பவும் நசுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு நசுக்கலுக்கும் பித்தளை கொஞ்சம் விறைக்கும், அடுத்த தடவை மீண்டும் விரிய வேண்டும். ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு இது தேவையே இல்லை. கூடு தானாக அறைக்குள் வழுக்கிப் போகிறதா? போனால் நசுக்காதீர்கள். குண்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் உட்கார வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. அதற்கு வாயோரத்தை மட்டும் ஒரு முடியளவு இறுக்கினால் போதும்.

இப்போது காய்ச்சுவது. பாத்திரப் பட்டறைக்காரர்களுக்கு இது சொல்லித் தர வேண்டிய விஷயம் இல்லை. பித்தளைத் தகட்டைத் தட்டத் தட்ட அது விறைக்கும், விறைத்ததை நெருப்பில் காட்டினால் மறுபடி இளகும். கும்பகோணத்துக் குடமும் அமெரிக்கத் தோட்டாவும் இதில் ஒரே ஜாதி. இரும்புக்கு நேர் எதிர்க் குணம் ஒன்றும் உண்டு. சூட்டோடு தண்ணீரில் போட்டால் இரும்பு கடினமாகும். பித்தளைக்கு அப்படி எதுவும் ஆகாது. தண்ணீரில் போடுவது, சூடு வாயிலிருந்து அடிக்கு நடந்து போகாமல் நிறுத்துவதற்கு மட்டும்தான்.

அடி இளகவே கூடாது. அழுத்தத்தை முதுகில் தாங்குவது அதுதான். அடி இளகின கூடு குப்பைக்கு, வேறு பேச்சே இல்லை. அதனால்தான் ‘சிவக்கச் சிவக்க’ என்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய்க்கு வேண்டிய சூடு 370 முதல் 400 டிகிரி செல்சியஸ், சில நொடிகள். கண்ணுக்குச் சிவப்புத் தெரிகிறது என்றால் 500 டிகிரியை எட்டியாகிவிட்டது. நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். சாயங்காலம், கராஜில் விளக்கை அணைத்துவிட்டு, வெளியே மிச்ச வெளிச்சம் மட்டும். புரொப்பேன் டார்ச்சின் நீலச் சுடர் அசையாமல் நிற்கும். கூட்டின் அடியை விரல் நுனியில் பிடித்துச் சுழற்றிக்கொண்டே, வாயிலிருந்து அரை அங்குலம் மட்டும் சுடரில் படும்படி காட்டுவேன். மனசுக்குள் எண்ணுவேன். நாலு, ஐந்து எண்ணுவதற்குள் பித்தளையின் நிறம் மாறி, கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிழல் கீழே இறங்கும். ஆறில் பக்கத்து வாளியில் போட்டால் ‘சுர்’ என்று ஒரு சத்தம். சூடு விரலுக்கு எட்டினால் விரல் தானாக விட்டுவிடும், விரல் பொறுக்கிற சூடு அடிக்கு ஒன்றும் செய்யாது. என் விரலைவிட நல்ல தெர்மாமீட்டர் எனக்கு வாய்த்ததில்லை.

எண்ணிக்கை டார்ச்சுக்கு டார்ச் மாறும். முதல் நாலைந்து கூட்டுக்கு, குறிப்பிட்ட சூட்டில் உருகும் மை கடையில் கிடைக்கிறது, 750 ஃபாரன்ஹீட் என்று போட்டது. உள்பக்கம் ஒரு கோடு தடவி, அது உருகும் வரை எத்தனை எண்ண வேண்டியிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதிகமாகக் காய்ச்சிய வாய் சொத்தென்று ஆகிவிடும். விரலால் அமுக்கினால் கோணும், குண்டைப் பிடிக்காது. மூன்று நாலு சுற்றுக்கு ஒரு தடவை காய்ச்சுகிறேன், போட்டிக்குப் போகிறவர்கள் சிலர் ஒவ்வொரு தடவையும். எத்தனை தடவைக்கு ஒரு முறை என்பதில் சண்டை உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்பதில் சண்டை இல்லை.

கழுவுவதில்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன். கருமருந்து எரிந்தால் பாதிக்குமேல் வாயுவாகப் போகாமல் திடமாகவே நின்றுவிடும். வெடியுப்பிலிருந்து வந்த பொட்டாசியம் உப்புகள், கந்தகச் சேர்மங்கள், மிச்சக் கரி. இவை காற்றின் ஈரத்தை இழுக்கும், பித்தளையை அரிக்கும். இது தெரிந்தும் முதல் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுட்ட 40 கூடுகளை பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்து, வேலைப் பளுவில் இரண்டு வாரம் மறந்துபோனேன். திறந்தால் உள்ளே எல்லாம் பச்சைக் களிம்பு, பிரைமர் குழிகளில் கல் மாதிரிக் கரி. அதோடு விட்டேனா? சிட்ரிக் அமிலத்தில் ஊறப்போட்டு ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். காலையில் கூடுகள் இளஞ்சிவப்பாக இருந்தன. துத்தநாகம் கரைந்து போய் மேலே செம்பு மட்டும் நின்றிருக்கிறது என்று அர்த்தம். 40-ஐயும் தூக்கிப் போட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் சுடுதளத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒரு பெரியவர், தண்ணீரில் பாத்திர சோப்பு இரண்டு சொட்டு விட்ட ஒரு ஜாடியைக் கொண்டுவந்திருந்தார். சுடுவார், பிரைமரை அங்கேயே தட்டி எடுப்பார், ஜாடிக்குள் போடுவார். வீட்டுக்குப் போகிற வழியில் காரின் ஆட்டத்திலேயே பாதி கழுவி முடிந்துவிடும். அன்றிலிருந்து எனக்கும் அதே ஜாடிதான். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர், ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், பத்துப் பதினைந்து நிமிடம், நல்ல அலசல். நம் வீட்டில் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பதும் இதே வேதியியல்தான், புளியிலும் அமிலம் இருக்கிறது. அப்புறம் செராமிக் மணியோடு உருளையில் போட்டு உருட்டலாம். எவர்சில்வர் ஊசிகள் இன்னும் பளபளப்பாக்கும், ஆனால் நெடுநேரம் ஓட்டினால் வாயைத் தட்டித் தட்டி மழுக்கும். பொறித்துளையில் ஒரு ஊசி சிக்கிக்கொண்டால் கண்ணுக்கும் தெரியாது. கடைசியில் நன்றாகக் காய வேண்டும். மருந்துக்கு ஈரம் ஆகாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பளபளப்புக்கு ஆசைப்பட்டு பித்தளைப் பாலிஷைத் தொடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் அம்மோனியா இருக்கிறது. இதற்கு ஒரு இந்தியக் கதையே உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை விட்டதும் பார்த்தால் யாரும் தொடாத தோட்டாக்களில் கூடு விரிசல் விட்டிருந்தது. பருவ விரிசல் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. காரணம் 1921-இல்தான் தெளிவாயிற்று: குதிரை மூத்திரத்தின் அம்மோனியா, இழுத்து உருவாக்கியபோது பித்தளைக்குள் அடங்கி நின்ற இறுக்கம், இரண்டும் சேர்ந்த வேலை. பரிகாரமும் நாம் பார்த்த காய்ச்சல்தான், உருவாக்கிய பிறகு லேசாகக் காய்ச்சி இறுக்கத்தை எடுத்துவிடுவது.

விரிசல் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதுதான். நாலைந்து கூட்டைக் கையில் போட்டுக் குலுக்குங்கள். நல்ல கூடுகள் மணி மாதிரி ஒலிக்கும். கூட்டத்தில் ஒன்றில் விரிசல் இருந்தால் ‘டொக்’ என்று ஒரு செத்த சத்தம் நடுவில் கேட்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

உங்கள் 60 கூடுகளுக்கு வருகிறேன். அடியில் பொறித்திருக்கும் கம்பெனிக் குறியைப் பார்த்துப் பிரியுங்கள், குட்டையானதையும் விரிசல் உள்ளதையும் தள்ளுங்கள். மிச்சம் 30, 35 தேறலாம். போட்டி நாளில் குறி பார்த்துச் சுடும் முன் குழலுக்குக் கரி ஏற்ற இரண்டு மூன்று குண்டு வெறுமனே சுடுவோம், துடைத்த குழல் ஒரு மாதிரி சுடும், கரி ஏறியது இன்னொரு மாதிரி சுடும் என்பதற்காக. அவற்றுக்கு இந்தக் கலவைக் கூடுகள் தாராளம். ஆனால் ஒவ்வொரு கம்பெனிக் கூட்டுக்கும் மருந்து எங்கே வரை நிற்கிறது என்று தனித்தனியாகப் பார்த்து, இடைவெளி இல்லாமல் அடையுங்கள். கலந்துவிடாமல் இருக்க அவற்றின் அடியில் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டு, வேறு டப்பாவில் வையுங்கள்.